இலையடைப்பு

தம்பியைப் பறிகொடுத்துவிட்டு மூத்தவள் மறுபடியும் வேலைக்கு வந்த அன்று, இயக்குநர் தன் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு "உட்காரும்மா" என்றார். அந்த அறையில் அவள் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. நின்றபடி அறிக்கை கொடுத்து, நின்றபடி திட்டு வாங்கி, நின்றபடியே வெளியேறித்தான் பழக்கம். இங்கே ஒருவரை உட்காரச் சொல்கிறார்கள் என்றால் அவரிடமிருந்து எதையோ வாங்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அது தெரிந்தேதான் உட்கார்ந்தாள்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க சார்."

"சாப்பிடறாங்களா?"

"தட்டுல வச்சா சாப்பிடறாங்க."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். நாற்பது வருஷத் தொகுப்பு வெளியாகப் போகிறது. எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது. அந்த ஒரு நாள் மட்டும் ஒப்புதலுக்கு நிற்கிறது. "நீ அன்னைக்குக் குறிச்சதுதான் இருக்கு. அப்படியே கையெழுத்தப் போட்டுட்டா முடிஞ்சுது. புதுசா ஒண்ணும் எழுத வேண்டாம்."

அவள் என்ன குறித்திருந்தாள் என்பதைச் சொல்வதற்கு முன்னால் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

காட்டுச் சரிவில் அடுத்தடுத்து இரண்டு ஓடைகள். நாற்பது வருஷத்துக்கு முன் யாரோ சிலர் ஒன்றின் காட்டை வெட்டி, மற்றதை வெட்டாமல் விட்டு, எதில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளக்க ஆரம்பித்தார்கள். ஓடைக்குக் குறுக்கே ஒரு கான்கிரீட் சுவர். சுவரின் நடுவில் இரும்புத் தகடு. தகட்டில் கூராக ஒரு முக்கோண வெட்டு. அதற்கு அங்கே 'வாய்' என்று பெயர். தண்ணீர் சுவருக்குப் பின்னால் இடுப்பளவு தேங்கி, அந்த வாய் வழியாக விழும். தேங்கிய மட்டம் தெரிந்தால் ஓடுகிற அளவு தெரியும். சென்சார் அந்த மட்டத்தை ஓயாமல் அலுவலகத்துத் திரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். விஞ்ஞானம் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதை ஒரு நாளும் விடாமல் செய்வது.

இரண்டில் பெரியதை அக்கா ஓடை என்றும் சிறியதைத் தம்பி ஓடை என்றும் அங்கே எல்லோரும் சொல்வார்கள். ஏதாவது கருவி பழுதாகி ஒன்றின் கணக்கில் ஓட்டை விழுந்தால், மற்றதன் போக்கைப் பார்த்து ஓட்டையை அடைப்பார்கள். "அக்காவை வச்சுத் தம்பியை நிரப்பு" என்பது அலுவலகத்துப் பேச்சு. மூத்தவளும் அவள் தம்பியும் வேலைக்குச் சேர்வதற்கு ரொம்ப முன்னாலேயே இருந்த பேச்சு. அவர்கள் சேர்ந்த பிறகு அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை.

மூத்தவள் படித்துவிட்டு வந்தவள். "இவங்க வீட்டுல முதல் பட்டதாரி" என்றுதான் வருகிறவர்களிடம் அவளை அறிமுகப்படுத்துவார்கள், பரிசோதனையில் பிழைத்துக்கொண்ட எலியைக் காட்டுவது போல. தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. மோட்டார் கடையில் கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்தவனை, இதே அறையில் நின்று கெஞ்சிக் கள உதவியாளராகச் சேர்த்துவிட்டவள் அவள்தான். சின்ன வயதிலிருந்து எங்கே தண்ணீரைக் கண்டாலும் குதித்துவிடுவான் என்பதால் வீட்டில் அவனுக்குத் தவக்களை என்று பெயர். ஒரே மாதத்தில் அலுவலகத்திலும் அதே பெயர் ஆனது. இயக்குநர்கூட ஒரு கூட்டத்தில் வாய் தவறி, "தவக்களை இன்னும் வரலையா?" என்று கேட்டிருக்கிறார்.

அந்த ஓடைகளுக்கு வெள்ளத்தைவிடப் பெரிய தொல்லை இலை. வாயில் இலை வந்து ஒட்டும், அதன்மேல் இன்னொன்று ஒட்டும், ஒரு குவியலாகும், தண்ணீர் போக வழியில்லாமல் மட்டம் ஏறும். திரையில் கோடு நிதானமாக மேலே போகும். புதிதாக வந்தவர்கள் வெள்ளம் என்று பதறுவார்கள். மூத்தவள் பதற மாட்டாள். மழைமானியில் ஒரு சொட்டுகூட இல்லை, கோடு ஏறுகிறது என்றால் இலை. கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். 'இலையடைப்பு' என்று அந்த இடத்தில் ஒரு குறி போட்டுவிட்டால் போதும். யாராவது போய்க் கையை விட்டு அள்ளிப் போட்டதும் கோடு செங்குத்தாக விழும்.

கையை விடுவதற்கு முன் அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். ஆள் இறங்கினால் மட்டம் ஆடும், அது ஓடையின் கணக்கில் சேரக்கூடாது. சொன்னால் அவள் 'கை' என்று குறிப்பாள். சொல்லாமல் ஏறுவதெல்லாம் 'இலை'. காட்டுப் பாதையின் கடைசி வளைவுக்கு அப்பால் சிக்னல் கிடையாது என்பதால் தம்பி அந்த வளைவிலேயே நின்று கூப்பிடுவான்.

"மேடம், தவக்களை குதிக்கப் போகுது. பேனாவைத் திறந்து வச்சுக்கோங்க."

"பேனா எல்லாம் போயி வருஷமாச்சுடா, முட்டாளே."

"அப்ப என்னத்தைத் திறப்பீங்க? வாயையா? அதுதான் எப்பவும் திறந்தே இருக்கே."

அப்படி ஒரு அழைப்பு, வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் வந்திருந்த கூட்டத்தின் நடுவே வந்தது. அவள் தெரியாமல் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டாள். 'தவக்களை' என்ற சொல் அந்தக் குளிரூட்டிய அறை முழுக்கத் துள்ளியது. எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குக் காது சிவந்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் வெளியே வந்து அவனைக் கூப்பிட்டாள்.

"இனிமே போன் பண்ணாத. மெசேஜ் போடு, போதும். மானத்தை வாங்காத."

"சரிங்க ஆபிசர்" என்றான். கோபித்துக்கொண்ட மாதிரிகூட இல்லை.

மறுநாள்தான் அது நடந்தது.

மத்தியானம். வெயில். மழைமானி சும்மா இருந்தது. தம்பி ஓடையின் கோடு மெல்ல ஏற ஆரம்பித்தது. அவனிடமிருந்து அழைப்பு எதுவும் இல்லை. மூத்தவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். ஏறிய கோடு கொஞ்சம் இறங்கியது. மறுபடியும் ஏறியது. இன்னொரு முறை இறங்கியது. பிறகு ஏறி, சமமாக நின்றுவிட்டது. இலைக்குவியல் நகர்ந்து கொஞ்சம் வழிவிட்டு, திரும்பவும் அடைத்துக்கொண்டால் அப்படித்தான் இருக்கும். எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். 'இலையடைப்பு' என்று குறித்தாள். குறித்துவிட்டுத் தம்பிக்கு ஒரு மெசேஜ் போட்டாள்: "தம்பி ஓடை வாயில இலை. சோம்பேறித் தவக்களை, போய் எடு."

டீயைக் குடித்து முடித்தாள். வேறு வேலை பார்த்தாள். ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்தபோது கோடு செங்குத்தாக விழுந்திருந்தது. "அப்பாடா, எடுத்துட்டான்" என்று பக்கத்து மேஜையிடம் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அவள் போன் ஒலித்தது. தம்பியின் மெசேஜ்: "குதிக்கிறேன் மேடம்."

எடுத்துவிட்டுச் சொல்கிறான் பார், இதுக்கு ஒரு மெசேஜ் கேடு என்று சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே தம்பியின் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. பேசியது அலுவலக வண்டி ஓட்டும் அண்ணன்.

எடுத்தது அவர். எடுக்கப்பட்டது இலை இல்லை. தம்பி மெசேஜ் போட்டு, அது போய்விட்டது என்று நினைத்து, போனைச் சட்டையோடு சுவர்மேல் வைத்துவிட்டு இறங்கியிருக்கிறான். சிக்னல் இல்லாமல் மெசேஜ் போனுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. பாசி வழுக்கி, சுவரின் விளிம்பில் தலை மோதி, தண்ணீரில் விழுந்து, வாயை அடைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான். அவனை இறக்கிவிட்டு அக்கா ஓடைக்குப் போயிருந்த அண்ணன் திரும்பி வந்து பார்த்து வெளியே இழுத்துப் போட்டார். உதவி கேட்பதற்காக அவன் போனை எடுத்துக்கொண்டு வளைவுக்கு ஓடியபோதுதான், உள்ளே கிடந்த மெசேஜ் கிளம்பி அவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதே நிமிஷம் அவளுடைய மெசேஜும் அந்தப் போனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். 'போய் எடு.'

தலையில் அடி, உடனே உயிர் போயிருக்கும் என்றார்கள். இயக்குநர் ஆஸ்பத்திரிக்கே வந்து அம்மாவிடம் அதைச் சொன்னார். அம்மா அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டாள். வந்தவர்களிடமெல்லாம், "கஷ்டப்படலையாம். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிட்டானாம்" என்றாள். சின்னப் பாத்திரத்தில் வெந்நீர் வாங்கி அவனைத் தானே துடைத்துவிட்டாள். யாரையும் கிட்டே விடவில்லை. கடைசிவரை அவன் கைகள் இரண்டையும் தன் கைக்குள் பொத்தியே வைத்திருந்தாள். மூத்தவள் ஒரு கையைத் தொடப் போனபோதுகூட, "நீ போய் உட்காரு" என்று தள்ளிவிட்டாள். என்ன இருந்தாலும் செல்லப்பிள்ளை என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நேரத்திலும் அதில் ஒரு சின்னப் பொறாமை இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அந்தக் குறியை அப்படியே விட்டுடும்மா" என்றார் இயக்குநர் இப்போது. "மாத்தினா ஏன் மாத்தினோம்னு எழுதணும். யார் பார்த்தாங்க, எப்பப் பார்த்தாங்க, ஏன் யாரும் போகலன்னு கேப்பாங்க. முதல்ல உன்னைத்தான் கேப்பாங்க. உனக்காகத்தான் சொல்றேன்."

"ரெண்டு பேரா போகணும்னு விதி இருக்கு சார்."

"இருக்கு. ஆள் இல்லையே. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆள் வேணும்னு கேட்ட கடிதத்தை டைப் அடிச்சதே நான்தான். அது இன்னும் உங்க மேஜைக் கண்ணாடிக்குக் கீழதான் இருக்கு. இதோ, இங்கருந்தே தெரியுது."

அவர் கீழே பார்க்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெட்டவராக இருந்தால் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருக்கலாம்.

"சாயந்திரத்துக்குள்ள முடிச்சுத் தர்றேன்" என்று எழுந்தாள்.

அவள் மேஜையில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. வண்டி அண்ணன் டீ வாங்கி வந்து வைத்தார். டீயை அவள் கண்ணில் படாத ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள்.

"என்னம்மா, அவரு சொன்னாரா?"

"உங்களையும் சொல்லச் சொன்னாரா?"

"யாரும் சொல்லச் சொல்லல. எனக்கே சொல்லணும்போல இருந்துச்சு." அவர் கழுத்துத் துண்டைப் பிடித்து முறுக்கினார். "இலைன்னே இருந்துட்டுப் போகட்டுமே. நீ மாத்தினா, நான் ஏன் அவனைத் தனியா விட்டுட்டுப் போனேன்னு கேப்பாங்க. எனக்கும் பிள்ளைங்க இருக்கு. அவன் எனக்கு மட்டும் வேண்டாதவனா? தினமும் என் சாப்பாட்டுல பாதியைத் தின்னவன் அவன்."

"உங்களை நான் குத்தம் சொல்லலண்ணே."

"நீ சொல்ல மாட்ட. எழுதினா அது சொல்லுமே."

அவர் போன பிறகு அன்றைய கோட்டைத் திறந்தாள். அதுவரை அதைப் பார்க்கத் தைரியம் வந்திருக்கவில்லை. பெரிதாக்கினாள். முதலில் ஒரு நடுக்கம். அவன் விழுந்தது. பிறகு ஏற்றம். அவன் உடம்பு வாயை அடைத்தது. அப்புறம் அந்த இறக்கம்.

மூத்தவள் விரல் மேஜைமேல் அப்படியே நின்றுவிட்டது.

இலை நகரும். லேசானது, தண்ணீர் தள்ளினால் நகரும். அந்தச் சின்ன ஓடையின் இழுப்புக்கு அவ்வளவு பெரிய ஆள் தானாக நகர மாட்டான். அடைத்திருந்த வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது, மட்டம் இறங்கியிருக்கிறது, மறுபடியும் மூடியிருக்கிறது. அதற்கப்புறம் இன்னொரு முறை. எழுந்திருக்கப் பார்த்திருக்கிறான். முடியாமல் விழுந்திருக்கிறான். திரும்பவும் பார்த்திருக்கிறான். அதற்கு மேல் கோடு சமமாகிவிட்டது.

அந்த இரண்டு இறக்கத்தையும் டீ குடித்துக்கொண்டே பார்த்தவள் அவள். அவை இருந்ததால்தான் சந்தேகமே இல்லாமல் இலை என்று குறித்தாள். அவன் அசையாமல் கிடந்திருந்தால்கூட, 'என்ன இது, இலை மாதிரி இல்லையே' என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பாள்.

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தம் பொறுக்கவில்லை, குழாயை மூடிவிட்டாள். மூடிய பிறகு அழுகை வெளியே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று விட்டாள்.

அந்தத் தொகுப்பு நாளைக்கு எங்கெங்கோ போகும். முகம் தெரியாத யார்யாரோ அதைத் திறந்து ஆராய்ச்சி செய்வார்கள். ஐம்பது வருஷம் கழித்தும் செய்வார்கள். அதில் அவள் தம்பிக்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. அந்த இடத்தில் அவன் இலையாகக் கிடப்பான். படிப்பு ஏறாதவன், தவக்களை, கடைசியில் அக்கா பார்த்துப் பெயர் வைத்த குப்பை. அவளும் தப்பித்துக்கொள்வாள், இயக்குநரும் தப்பித்துக்கொள்வார், அண்ணனும் தப்பித்துக்கொள்வார். ஒரு இலைக்குப் பின்னால் எத்தனை பேர்தான் ஒளிவது?

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இருந்த குறிகளில் எதுவும் பொருந்தவில்லை. இலை, கை, விலங்கு, கருவிக் கோளாறு. ஆளுக்கு என்று ஒரு குறி இல்லை. 'பிற' என்பதை அழுத்தினாள். விளக்கம் எழுதப் போனபோது "இலையடைப்பு அல்ல. என் தம்பி" என்று வந்தது. அழித்துவிட்டு மறுபடியும் எழுதினாள். "இலையடைப்பு அல்ல. தனியாக அனுப்பப்பட்ட கள உதவியாளர் நீரில் விழுந்து வாயை அடைத்துக் கிடந்தார். மட்டம் இரண்டு முறை இறங்கியது அவர் எழ முயன்றதால். அப்போது அவர் உயிரோடு இருந்தார். திரையில் இதைப் பார்த்தும் இலை என்று தவறாகக் குறித்தது நான்." அந்த நேரத்து நீரளவை நிரப்பாமல் காலியாக விட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

இயக்குநர் வெளியே வந்துவிட்டார். அவர் வெளியே வந்து யாருடைய மேஜை அருகிலும் நின்றதில்லை.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? சரி, எழுதினது எழுதிட்ட. நடுவுல காலியா விட்டிருக்கியே. நாப்பது வருஷக் கணக்குல ஓட்டை விழலாமா? அக்காவை வச்சுத் தம்பியை..." பாதியிலேயே அவருக்கு உறைத்துவிட்டது.

"நிரப்ப முடியாது சார்" என்றாள் மூத்தவள். "ஓட்டை இருக்கட்டும். வேற யாரையாவது வச்சு நிரப்பறதா இருந்தா, என் பேரை எடுத்துட்டு நிரப்பிக்கோங்க."

வீட்டில் அம்மா விளக்குக்கு நேர் கீழே உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும் சட்டைகள், ஒரு பக்கம் பட்டன் இல்லாதவை, மறுபக்கம் பட்டன் வைத்தவை. தம்பி இருந்தபோது அந்த மூட்டைமேல் படுத்துத்தான் போன் பார்ப்பான். இப்போது மூட்டை குலையாமல் இருந்தது.

மூத்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தாள். தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும் என்று தெரியும். விசாரணைக்கு வருகிறவன் வந்து சொல்லி அம்மா கேட்கக்கூடாது. தானே சொல்ல வேண்டும்.

"அம்மா, அன்னைக்கு நான் பார்த்துட்டுதான் இருந்தேன். அவன் விழுந்தது திரையில தெரிஞ்சுது. எனக்குத் தெரியல. இலை அடைச்சிருக்குன்னு நினைச்சேன்."

ஊசி நின்றது.

"இலைன்னா நினைச்ச?"

"ஆமா. இலைன்னுதான் எழுதினேன்."

"உனக்கு அவன் போன் பண்ணிட்டுத்தான இறங்குவான்?"

"முந்தின நாள்தான் போன் பண்ணாதன்னு திட்டினேன். எல்லார் முன்னாடியும் தவக்களைன்னு சொல்லிட்டான்னு."

அம்மா அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அம்மா கையிலிருந்த சட்டையை மடித்தாள், பிரித்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அசைஞ்சானா?"

உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று மத்தியானம் எழுதி அனுப்பியவள், குனிந்திருந்த அந்தத் தலையையே பார்த்தாள். அம்மாவின் உச்சி வகிடு விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரிந்தது.

"இல்லம்மா. அவங்க சொன்ன மாதிரிதான். உடனே போயிட்டான். கோடு அசையவே இல்ல."

அம்மா சட்டையைக் கீழே வைத்தாள். கையை நீட்டி மகளின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகத் திருப்பி நகத்தைப் பார்த்தாள், அழுக்கிருக்கிறதா என்று பார்க்கிறவள் போல.

"அவன் நகத்துக்குள்ள எல்லாம் பாசிடி" என்றாள். "ஒரு விரல் பாக்கியில்ல. சுவத்தைப் பிறாண்டியிருக்கான். ஊக்கு வச்சுத் தோண்டித் தோண்டி எடுத்தேன். முழுசா போகல. நீ பார்த்துட்டா தாங்க மாட்டன்னுதான் கையைப் பொத்தியே வச்சிருந்தேன். நீயாவது அவன் கஷ்டப்படலன்னு நம்பிட்டு இருக்கட்டும்னு."

மூத்தவள் அப்படியே குனிந்து அம்மாவின் மடியில் முகத்தை வைக்கப் போனாள். அதற்குள் அம்மா அவள் கையை எடுத்து அவள் பக்கமே வைத்துவிட்டாள். உதறவில்லை. எடுத்து வைத்தாள், அவ்வளவுதான். ஊசியை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து நூலைக் கோக்கப் பார்த்தாள். தவறியது. நூலை நாக்கில் நனைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"குடும்மா, நான் கோத்துத் தர்றேன்."

"வேண்டாம்."

நூல் ஊசிக் காதுக்குப் பக்கத்தில் போய்ப் போய் வளைந்தது. மூத்தவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.